வரைபடம் பார்த்து வீட்டிலேயே சாய்வு சைக்கிள் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரைபடம் பார்த்து இதுவரை இரண்டு சாய்வு சைக்கிள்கள் கட்டி ஓட்டியிருக்கிறேன். மூன்றாவது, சட்டம் (ஃபிரேம்) மட்டும் முடிந்து பட்டறையில் நிற்கிறது. அதைப் பார்க்க வருபவர்கள் கேட்பதும், முதல் குழாயை அறுக்கும் முன் எனக்கு இருந்த சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சாய்வு சைக்கிள் என்றால் என்ன?

முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கிற சைக்கிள். ரிகம்பென்ட் என்பார்கள். சாதாரண சைக்கிளில் உடம்பின் எடை சின்ன சீட்டிலும் உள்ளங்கைகளிலும் இறங்குகிறது. இதில் முதுகும் இடுப்பும் முழுக்கத் தாங்கப்படுகின்றன. மணிக்கட்டு மரத்துப்போவதில்லை, கழுத்தை அண்ணாந்து வைத்திருக்க வேண்டியதில்லை. நன்றாகச் சாய்ந்த வகைகளில் எதிர்காற்றில் படும் பரப்பும் குறைவு. அதனால் சமதரையில் அதே உழைப்புக்குக் கூடுதல் வேகம் கிடைக்கும். ஏற்றத்தில் அந்த லாபம் இல்லை. எழுந்து நின்று மிதிக்க முடியாது, வீட்டில் கட்டிய இரும்புச் சட்டம் எடையும் கூடுதல்.

அவ்வளவு நல்லதென்றால் பந்தயங்களில் ஏன் காணோம்?

தடை செய்துவிட்டார்கள். பிரான்ஸில் சார்ல் மோஷே என்பவர் சாய்வு சைக்கிள்கள் தயாரித்தார். 1933 ஜூலை 7 அன்று பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் அதில் ஏறி ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். அதுவரை இருந்த சாதனை, ஆஸ்கர் எக் 1914இல் ஓட்டிய 44.247 கிலோமீட்டர். பத்தொன்பது ஆண்டு அசையாத சாதனை அது. ஃபோர் முன்னணி வீரராகக் கருதப்பட்டவரும் அல்ல. சர்வதேச சைக்கிள் சங்கம் 1934இல் பந்தய சைக்கிளுக்கு ஒரு வரையறை எழுதியது. அந்த வரையறைக்குள் சாய்வு சைக்கிள் வரவில்லை. பந்தயத்தில் இல்லாததைப் பெரிய கம்பெனிகள் தயாரிக்கவில்லை, தயாரிக்காததை மக்கள் பார்க்கவில்லை. வீட்டில் கட்டுகிறவர்கள் கையில்தான் இந்த சைக்கிள் பெரிதும் உயிரோடு இருந்தது. எனக்கு இதன்மேல் இவ்வளவு பிடிப்பு வர அதுவும் ஒரு காரணம்.

முதல் முறை கட்டுபவர் எந்த வகையைத் தேர்ந்தெடுக்கலாம்?

நீள வகை. முன்சக்கரம் பெடலுக்கு முன்னால் இருக்கும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஏறக்குறைய 165 முதல் 180 சென்டிமீட்டர் வரும். நிதானமாகத் திரும்பும், நேராகப் போவது சுலபம், கால் முன்சக்கரத்தில் இடிக்காது. நிறுத்தி வைக்க இடம் நிறைய வேண்டும் என்பதுதான் குறை.

குட்டை வகையில் பெடல் முன்சக்கரத்தையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். சுறுசுறுப்பானது, கட்டி முடித்தால் ஓட்ட ஆசையாக இருக்கும். ஆனால் கூர்மையாகத் திரும்பும்போது குதிகால் சக்கரத்தில் உரசும். எடை முன்னும் பின்னும் எப்படிப் பிரிகிறது என்பதிலும் கவனம் வேண்டும். அதை இரண்டாவதாகக் கட்டுங்கள். தரையை ஒட்டிப் படுத்து ஓட்டும் பந்தய வகையும் மூன்று சக்கர வகையும் அதற்கப்புறம். மூன்று சக்கரத்தில் விழும் பயம் இல்லைதான். ஆனால் முன்னால் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் அமைப்பைத் துல்லியமாகச் செய்ய லேத் வேலை தேவைப்படும்.

வரைபடத்தில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு வரைபடத்தில் இரண்டு விதமான அளவுகள் கலந்து கிடக்கும். ஒரு வகை, வரைந்தவருடைய உடம்பின் அளவு. இன்னொரு வகை, சைக்கிள் நேராக ஓடுவதற்கான அளவு. காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரி எண்ணாகத்தான் தெரியும்.

இருக்கைக்கும் பெடலுக்கும் உள்ள தூரம், இருக்கையின் சாய்வு, ஹேண்டில்பாரின் உயரம், அகலம், இவையெல்லாம் முதல் வகை. வரைந்தவர் ஆறடி ஆளாக இருந்து நீங்கள் ஐந்தேகால் அடி என்றால், அவர் எண்ணை அப்படியே பின்பற்றினால் கால் எட்டாது. இவற்றை உங்களுக்கு ஏற்ப மாற்றியே ஆக வேண்டும்.

ஹெட் டியூபின் (ஃபோர்க்கின் தண்டு உள்ளே நின்று திரும்பும் முன்குழாயின்) கோணம், ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) முன்வளைவு, முன்சக்கரத்தின் அளவு, இந்த மூன்றும் இரண்டாவது வகை. மூன்றும் சேர்ந்துதான் டிரெயில் என்ற அளவைத் தீர்மானிக்கின்றன. திருப்பும் அச்சை ஒரு கோடாகத் தரை வரை நீட்டிப் பாருங்கள். அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். அந்த இடைவெளிதான் டிரெயில். சக்கரத்தை நேராக்கிக்கொண்டே இருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 245 மி.மீ. ஆரமுள்ள சக்கரம், 40 மி.மீ. முன்வளைவுள்ள ஃபோர்க், 72 டிகிரி கோணம் என்றால் டிரெயில் சுமார் 38 மி.மீ. அதே சக்கரம், அதே ஃபோர்க், கோணம் மட்டும் 68 டிகிரி ஆனால் 56 மி.மீ. வெறும் 4 டிகிரியில் ஹேண்டில்பார் வேறு சைக்கிளுடையது மாதிரி ஆகிவிடும். எனவே கைவசம் இருக்கிற ஃபோர்க்கைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்கும்போது இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சக்கரத்தில் இன்னொரு பொறி உண்டு. 20 அங்குலம் என்று எழுதியிருந்தாலும் அதில் இரண்டு அளவு ரிம் இருக்கிறது, 406 மி.மீ., 451 மி.மீ. என்று. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

என் உயரத்துக்கு எப்படி அளவெடுப்பது?

உயரத்தை வைத்து எடுக்காதீர்கள், காலை வைத்து எடுங்கள். ஒரே உயரமுள்ள இருவரின் கால் நீளத்தில் நாலு விரற்கடை வித்தியாசம் இருக்கலாம். செருப்பில்லாமல் தரையில் உட்கார்ந்து, இடுப்பையும் முதுகையும் சுவரோடு ஒட்டி, கால்களை நேராக நீட்டுங்கள். சுவரிலிருந்து உள்ளங்கால் வரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். நல்ல வரைபடம் என்றால் இந்த அளவில் எதிலிருந்து எதுவரை பொருந்தும் என்று குறித்திருப்பார்கள்.

அப்புறம், இரும்பை அறுக்கும் முன் மரத்தில் ஒரு மாதிரி செய்யுங்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நேரம் வீண் என்று தாண்டிப் போகிறார்கள். ஒரு நீளப் பலகை, அதன்மேல் வரைபடத்திலுள்ள கோணத்தில் ஒரு முதுகுப் பலகை, எதிர்முனையில் ஒரு கட்டையில் துளையிட்டுச் செருகிய பழைய கிராங்க் (பெடலைத் தாங்கும் கை). அவ்வளவுதான். அதில் உட்கார்ந்து இருபது நிமிடம் காலைச் சுற்றுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்தால் தூரக் கோடியில் கால் நேராக வேண்டும். முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறதா, கால் கட்டைவிரலுக்கு மேலே பாதை தெரிகிறதா என்று பாருங்கள்.

என் முதல் சைக்கிளுக்கு வரைபடம், முதுகுப் பலகை தரைமட்டத்திலிருந்து 30 டிகிரி என்று சொன்னது. பலகையில் உட்கார்ந்த பத்தாவது நிமிடமே என் கழுத்து இறுகியது. பின்னால் ஒரு மரத்துண்டைச் செருகி 42 டிகிரிக்கு நிமிர்த்தியதும் தோள் தளர்ந்தது. சட்டத்தைக் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்திருந்தால் இருக்கையின் தாங்கிகளை அறுத்து மறுபடி ஒட்ட வேண்டியிருந்திருக்கும்.

பழைய சைக்கிள்களிலிருந்து எதையெல்லாம் எடுக்கலாம்?

ஹெட் டியூப், அதன் பேரிங்குகளான ஹெட்செட், ஃபோர்க், பெடல் அச்சு ஓடும் குழாய், கிராங்க், பின்பக்கம் சக்கரத்தைப் பிடிக்கும் முக்கோணம், கியர், பிரேக். ஒரு பெரிய சைக்கிளும் ஒரு 20 அங்குல சைக்கிளும் இருந்தால் பெரும்பாலானவை தேறிவிடும். 20 அங்குல ஃபோர்க்கைக் குழந்தைகள் சைக்கிளிலிருந்து எடுக்காதீர்கள், அது குழந்தையின் எடைக்குச் செய்தது. சாகச ஓட்டத்துக்கான பிஎம்எக்ஸ் சைக்கிளின் ஃபோர்க் என்றால் நம்பலாம். ஃபோர்க்கை மட்டும் நீங்களே செய்ய முயலவும் வேண்டாம். ஓடும்போது உடைந்தால் பிழைக்க வழியில்லாத பாகம் அது.

எந்த இரும்பு வாங்குவது?

முதல் சைக்கிளுக்குச் சாதாரண மைல்டு ஸ்டீல் சதுரக் குழாய் போதும். 38 அல்லது 40 மி.மீ. பக்கம், 1.5 மி.மீ. கனம். சதுரக் குழாயை நேராக அறுத்தாலே நன்றாகப் பொருந்தும், பிடித்து நிறுத்தவும் எளிது. உருண்டைக் குழாய் என்றால் ஒவ்வொரு முனையையும் மீன் வாய் மாதிரி குடைந்து எடுக்க வேண்டும். குரோமொலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) குழாய் எடையைக் குறைக்கும், அது அடுத்த சைக்கிளுக்கு இருக்கட்டும்.

துத்தநாகம் பூசிய குழாய் வேண்டாம். அதை வெல்டு செய்யும்போது வரும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பை உலுக்கி எடுக்கும்.

எனக்கு வெல்டிங் தெரியாது. கட்ட முடியுமா?

முடியும். அறுப்பது, அரம் போடுவது, பொருத்திக் கட்டி வைப்பது என்று எல்லாவற்றையும் நீங்கள் செய்து, வெல்டிங்கை மட்டும் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். நான் முதல் சைக்கிளை அப்படித்தான் முடித்தேன். நீங்களே கற்றுக்கொள்வதென்றால் சட்டத்தில் கற்காதீர்கள். வாங்கிய குழாயிலேயே ஒரு அடி ஒதுக்கி, துண்டு துண்டாக அறுத்து ஒட்டிப் பாருங்கள். பிறகு அந்த ஒட்டை வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடியுங்கள். குழாய் மடங்க வேண்டும், ஒட்டு விடக் கூடாது. அந்த நிலை வரும்வரை சட்டத்தைத் தொட வேண்டாம். 1.5 மி.மீ. குழாய்க்கு ஆர்க் வெல்டிங்கில் 2 அல்லது 2.5 மி.மீ. ராடு பொருத்தம். கம்பியைத் தானே ஊட்டும் மிக் வெல்டிங் மெஷின் கிடைத்தால் இன்னும் சுலபம்.

சட்டம் கோணாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வெல்டிங் சூடு ஆறும்போது ஒட்டிய பக்கத்துக்குக் குழாயை இழுக்கும். எனவே எங்கும் முழு ஒட்டு போடாமல், முதலில் எல்லா இடத்திலும் புள்ளி புள்ளியாக டேக் மட்டும் வையுங்கள். சக்கரங்களை மாட்டி நிறுத்திப் பாருங்கள். நேராக இருந்தால் ஒரு பக்கம் ஒரு அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம் என்று மாறி மாறி ஒட்டுங்கள். நடுவில் ஆற விடுங்கள்.

நேர் பார்க்க ஒரு நூல் போதும். ஹெட் டியூபில் நூலைச் சுற்றி, இரு முனைகளையும் சட்டத்தின் இரு பக்கமாகப் பின்னால் கொண்டுபோய், பின்சக்கர அச்சு உட்காரும் இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். நடுக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அடுத்து ஹெட் டியூபுக்குள் ஒரு நேரான கம்பியைச் செருகி, சற்றுத் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். அந்தக் கம்பியும் பின்சக்கரமும் ஒரே தளத்தில் தெரிய வேண்டும். அரை டிகிரி திருகலைக்கூடக் கண் பிடித்துவிடும். டேக் நிலையில் இருந்தால் ஒரு நீளக் குழாயைச் செருகி நெம்பினாலே சரியாகிவிடும். முழு ஒட்டு போட்ட பிறகு என்றால் அறுக்கத்தான் வேண்டும்.

பெடல் குழாயை வெல்டு செய்வதில் என்ன கவனம்?

உள்ளே மரை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். பரவலாகக் கிடைப்பது 68 மி.மீ. அகலமுள்ள ஆங்கிலேய மரை. அதில் செயின் ஓடும் வலப்பக்கம் இடது மரை (எதிர்த்திசையில் திருகினால் இறுகுவது), இடப்பக்கம் சாதாரண மரை. குழாய் பார்க்க இருபுறமும் ஒன்று போலவே இருக்கும். என் இரண்டாவது சைக்கிளில் அதை இடம் வலம் மாற்றி ஒட்டிவிட்டேன். பெயின்ட் வரை முடித்து, கப்பை (பேரிங்கைத் தாங்கும் மரையுள்ள வளையத்தை) திருகப் போனபோதுதான் அது பிடிக்கவே இல்லை என்று தெரிந்தது. அறுத்துத் திருப்பி ஒட்ட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. இப்போதெல்லாம் பழைய சைக்கிளிலிருந்து அறுத்து எடுத்த அந்த நிமிடமே வலப்பக்கத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டு வைக்கிறேன். ஒட்டும்போது பழைய கப்புகளை உள்ளே திருகியே வையுங்கள். சூட்டில் குழாய் முட்டை வடிவமாகாமல் அவை காக்கும்.

செயின் எவ்வளவு வேண்டும்? அது எப்படி ஓடுகிறது?

சாதாரண செயின் ஒன்றில் 114 அல்லது 116 கண்ணிகள், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். நீள வகைக்கு அப்படி மூன்று வரை தேவைப்படும், குட்டை வகைக்கு இரண்டரை. தேய்மானம் அத்தனை கண்ணிகளுக்கும் பரவுவதால் மாற்றும் நாள் தள்ளிப்போகும். பெடல் பக்கக் குழாயை முன்னும் பின்னும் நகர்த்தும்படி செய்திருந்தால், 1 சென்டிமீட்டர் நகர்த்தினால் செயினில் 2 சென்டிமீட்டர் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

இருக்கைக்கு அடியில் செயினை வளைத்துவிட ஐட்லர் என்ற சின்னச் சக்கரம் தேவைப்படும். செயினின் மேல்பக்கம்தான் இழுவிசை தாங்கும் பக்கம். கீழ்ப்பக்கம் சும்மா திரும்பி வருவது, அதற்கு ஒரு பிளாஸ்டிக் உருளையோ வழவழப்பான குழாயோ போதும். மேல்பக்கத்தை லேசாக எண்ணாதீர்கள். 170 மி.மீ. கிராங்கும் 40 பல் சக்கரமும் இருந்து, பெடலில் 50 கிலோ அழுத்தினால் செயினில் ஏறும் இழுவிசை சுமார் 105 கிலோ. அதை ஐட்லர் 20 டிகிரி வளைத்தால் அதன் போல்ட்டின் மேல் 36 கிலோ இறங்கும். 10 டிகிரி மட்டும் வளைத்தால் 18 கிலோதான். ஆகவே முடிந்தவரை நேராகப் போகும் பாதையைத் தேடுங்கள். நல்ல பேரிங் போடுங்கள், போல்ட்டை இரண்டு பக்கமும் தாங்கி கொடுத்துப் பிடியுங்கள். சைக்கிள் கனமாக ஓடுகிறது, கரகரவென்று சத்தம் வருகிறது என்று சொல்பவர்களின் சைக்கிளில் நான் முதலில் பார்ப்பது இந்தச் சக்கரத்தைத்தான்.

கியர்?

ஏற்றத்துக்கு வழக்கத்தைவிடத் தாழ்ந்த கியர் வேண்டும். 26 அங்குலப் பின்சக்கரத்துக்கு முன்னால் 28 பல், பின்னால் 34 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு சுமார் 1.7 மீட்டர் நகரும். உட்கார்ந்தபடியே ஏற அது போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் 155 மி.மீ. அளவில் குட்டைக் கிராங்க் போட்டுப் பார்க்கலாம்.

இருக்கையை எதில் செய்வது?

ப்ளைவுட்டில் அடிப்பகுதியும் முதுகும் வெட்டி, மேலே கெட்டியான ஸ்பாஞ்ச் ஒட்டினால் முதல் ஆண்டு முழுக்க ஓடும். மெத்தென்ற ஸ்பாஞ்ச் கடையில் அழுத்திப் பார்க்க நன்றாக இருக்கும், அரை மணி நேரத்தில் பலகை தட்டும். இரும்புச் சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டிய இருக்கையில் முதுகு வியர்க்காது, ஆனால் அந்தச் சட்டத்தை வளைக்கும் வேலை அதிகம்.

பிரேக்?

இரண்டு, ஒன்றையொன்று நம்பியிராமல். நீள வகையில் எடை பெரும்பாலும் பின்சக்கரத்தில் இருப்பதால் முன் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். ஈரத்தில் இதைப் பழகிக்கொள்ள வேண்டும். பின் பிரேக்குக்கு வழக்கமான கேபிள் நீளம் எட்டாது, இருவர் ஓட்டும் சைக்கிளுக்கான நீளக் கேபிள் வாங்குங்கள்.

முதல் முறை எப்படி ஓட்டுவது?

ஆள் நடமாட்டம் இல்லாத, சமமான, அகலமான இடம். இரண்டாவது அல்லது மூன்றாவது தாழ்ந்த கியர். ஆகத் தாழ்ந்ததில் கால் வேகமாகச் சுற்றும், சைக்கிள் நகராது, ஆடும். முதுகை இருக்கையில் முழுக்கப் பதியுங்கள். ஒரு பெடலை மேலே கொண்டுவந்து, அதைத் தாண்டிச் சற்று முன்னால் நிறுத்தி, தயங்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். மற்றக் காலையும் உடனே தூக்கிப் பெடலில் வையுங்கள். ஹேண்டில்பாரை இழுத்துப் பிடிக்கத் தோன்றும். பிடிக்காதீர்கள், விரல் நுனியால் தொட்டபடி இருந்தால் போதும். பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் இருபது மீட்டர் தள்ளி இருக்கட்டும். சாதாரண சைக்கிளில் உடம்பைச் சாய்த்துச் சமாளித்துப் பழகியவர்களுக்கு இங்கே அந்த வசதி இல்லை, திருப்பித்தான் சமநிலை பிடிக்க வேண்டும். முதல் பத்து முறை தடுமாறும். அப்புறம் ஒரு முறை, எப்படி என்றே தெரியாமல், தோள் தளர்ந்து நேராகப் போவீர்கள். அந்த இடத்தில் நிறுத்திவிடாமல் இன்னும் ஒரு சுற்று போங்கள்.

ரோட்டில் பாதுகாப்பா?

தாழ்வாக இருப்பதால் கண்ணில் படாமல் போகலாம். பின்னால் ஒரு கம்பில் உயரமாகக் கொடி, பகலிலும் எரியும் விளக்கு, இரண்டு பக்கமும் கண்ணாடி. இதில் கண்ணாடி அலங்காரம் இல்லை. முதுகைச் சாய்த்திருக்கும்போது தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாது. பாதம் பெடலை விட்டு நழுவாமல் இருக்க வார் மாட்டுங்கள். ஓட்டத்தில் கால் தரையில் விழுந்தால் பின்னோக்கி இழுக்கப்படும்.

பெயின்ட் எப்போது அடிக்கலாம்?

நான் இரண்டாவதில் அவசரப்பட்டு அடித்தேன், அதன் விலையை மேலே சொல்லிவிட்டேன். வெறும் இரும்பின்மேல் எண்ணெய் தடவிய துணியால் துடைத்து, அப்படியே சில வாரம் ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு சட்டத்தைத் துடைத்து, ஹெட் டியூப், பெடல் குழாய், இருக்கைத் தாங்கி, இந்த மூன்று ஒட்டுகளையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் விடத் தொடங்கினால் முதலில் ஒட்டின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு துருக்கோடு தெரியும். துடைத்த பிறகும் அதே இடத்தில் மறுபடி வந்தால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்தி, அந்த இடத்தைக் கிரைண்டரில் தோண்டி எடுத்து மறுபடி ஒட்டுங்கள். வரவில்லை என்றால் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கலாம்.